உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?

அந்தக் காலத்துத் தடைகள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. தேதி போட்டு, முத்திரை குத்தி, கீழே அதிகாரியின் கையெழுத்தோடு வரும். ஒளிவு மறைவே கிடையாது. 1951-இல் ஐ.ஏ.எஸ். தேர்வில் வென்று சென்னை மாநிலத்தைக் கேட்டு வந்தார் அன்னா ராஜம் ஜார்ஜ். கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்று அவருடைய நியமன உத்தரவிலேயே எழுதியிருந்தது. அதற்கு முன்னால் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், வெளியுறவுத் துறைக்குப் போகலாமே, பெண்களுக்கு அதுதான் தோதாக இருக்கும் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்கும் ஒரு பெண்ணை மாவட்டத்துக்கு அனுப்புவதில் தயக்கம். தலைமைச் செயலகத்திலேயே ஒரு நாற்காலி தருகிறேன் என்றார். எனக்குக் குதிரையும் ஓட்டத் தெரியும், துப்பாக்கியும் சுடத் தெரியும் என்று அன்னா ராஜம் வாதாடி, ஓசூருக்கு சப் கலெக்டராகப் போனார். கல்யாண விதி பிறகு எடுக்கப்பட்டது. அவரும் தன்னோடு தேர்வான ஆர்.என். மல்ஹோத்ராவையே மணந்துகொண்டார்.

பெண்களுக்குத் தோதான அந்த வெளியுறவுத் துறையின் லட்சணம் என்ன என்பதை சி.பி. முத்தம்மாவிடம்தான் கேட்டிருக்க வேண்டும். குடகில் பிறந்து, நம் சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1949-இல் அந்தத் துறையில் நுழைந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொள்ள முன்கூட்டியே அரசின் அனுமதி வேண்டும். செய்துகொண்ட பிறகும், குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசுக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிகளுக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. அவர்களுடைய குடும்பம் இடைஞ்சல் செய்யாத ரகம் போலும். பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசர அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. குறை தீர்ந்ததால் மனு தள்ளுபடி. ஆனால் தீர்ப்பு எழுதிய வி.ஆர். கிருஷ்ணய்யர் சும்மா விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண் அதிகாரிக்கு இடைஞ்சல் என்றால் ஆண் அதிகாரிக்கு மட்டும் ஆகாதா என்று கேட்டு, அந்த விதிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார். அது 1979.

அதே வருஷம்தான் நானும் வேலைக்குப் போனேன். அம்பாசடராக இல்லை, ஸ்டெனோவாக.

மந்தைவெளியில் வீடு. லஸ் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர், கூடவே ஷார்ட்ஹேண்ட். மயிலாப்பூரில் அன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்ணுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருந்த ஒரே நிலையம் அதுதான். ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இண்டர்வியூ. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாமவர் ஸ்பீடு கேட்டார். இரண்டாமவர் டிக்டேஷன் கொடுத்துப் பார்த்தார். மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வீட்ல வரன் பாக்கறாங்களாம்மா?" என்றார். கேட்டால் இல்லை என்று சொல் என அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பிறகு மாப்பிள்ளையின் அம்மா, "வேலை பெர்மனெண்டா? கல்யாணத்துக்கப்புறம் போவியா, நிறுத்திடுவியா?" என்று கேட்டார். கம்பெனிக்காரர் என் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட்டார், கல்யாணக்காரர் என் கம்பெனியைப் பற்றிக் கவலைப்பட்டார். இரு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தால் அவர்களே பேசி முடித்திருப்பார்கள். நான் பஸ் செலவை மிச்சம் பிடித்திருப்பேன்.

நிபந்தனை போடும் உரிமை எல்லோருக்கும் இருந்தது, பெண்ணைத் தவிர. விதிவிலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் அடையாறுக்குத்தான் போக வேண்டும். அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் அங்கே கொண்டுவந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1914-இல் தன்னை மணக்க முன்வந்த டாக்டர் சுந்தர ரெட்டிக்கு நிபந்தனை போட்டார்: சமமாக நடத்த வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக்கூடாது. அவரும் சரி என்றார். 1927-இல் முத்துலட்சுமி சட்டமன்றத்துக்குப் போனது, துணைத் தலைவரானது எல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கல்யாணத்துக்கு அறுபத்தைந்து வருஷம் கழித்து, அவர் மருத்துவமனை கட்டிய இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த எங்கள் வீட்டில், அப்படியொரு நிபந்தனையைப் பற்றி யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. நான் உட்பட.

ஆபீஸ் நல்ல ஆபீஸ்தான். 29சி பஸ்ஸில் தொங்காமல் போக முடிந்த நாட்களில் லேட் மார்க் விழாது. பெண்களுக்கான கழிப்பறை மூன்றாவது மாடியில், சாவி பியூனிடம். அவர் பேங்குக்குப் போயிருந்தால் அவர் வரும்வரை நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். எங்கள் செக்‌ஷன் மானேஜர் தங்கமான மனிதர். "நீங்கள்லாம் நம்ம வீட்டுப் பொண்ணுங்க மாதிரி" என்பார். ஐந்தரை அடித்ததும், "இருட்டறதுக்குள்ள கெளம்புங்கம்மா" என்று அனுப்பிவிடுவார். ஆறு மணிக்கு அவர் அறையில் காபி வரும், பெண்கள் இல்லாத அந்த அரைமணி நேரத்தில் மறுநாள் ஆபீஸ் என்ன செய்யப்போகிறது என்பது முடிவாகும். மறுநாள் காலையில் நான் அதை டைப் அடிப்பேன். பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் நடந்தால் கம்பெனிக்கு டிக்கெட் வரும். யாருக்கு எந்த ஊர், யாருக்கு எந்த கிரேடு என்பதெல்லாம் அந்தத் தகரக் கூரையின் கீழே வேர்க்கடலை கொறித்தபடி பேசப்படும் என்று பிறகு தெரிந்தது. கிரிக்கெட் பெண்களுக்குப் பிடிக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்யாணமும் ஆகி, குழந்தையும் பிறந்து, நான் எழுதிய டிபார்ட்மெண்டல் பரீட்சையும் தேறிய பிறகு ஆபீசர் கிரேடு வந்தது. ஆபீசர் என்றால் மூன்று வருஷம் வெளியூர். ஹூப்ளி என்று பேச்சு. மானேஜர் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், அதுவே அதிசயம். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? கைக்குழந்தைய வச்சிக்கிட்டு, பாஷை தெரியாத ஊர்ல? உங்க வீட்டுக்காரரும் நல்லா சம்பாதிக்கறார்" என்றார். என்னிடம் ஹூப்ளிக்குப் போக முடியுமா என்று அவர் கேட்கவில்லை. என் கணவர்கூட, யோசிக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். "சொந்தக் காரணங்களால் இந்தப் பதவி உயர்வை ஏற்க இயலவில்லை" என்ற கடிதம் தயாராக இருந்தது. டிராஃப்ட் அவருடையது. சுத்தப் பிரதி எடுக்க என்னிடமே கொடுத்தார். கார்பன் வைத்து மூன்று பிரதி. தப்பில்லாமல் அடித்தேன், ஸ்பீடுக்குத்தானே வேலைக்கு எடுத்தார்கள்.

அந்த இடத்துக்குப் போன பையன் நான் வேலை கற்றுக்கொடுத்தவன். நல்ல பையன். அவனுக்கும் அந்த வருஷம் குழந்தை பிறந்திருந்தது. "குடும்பஸ்தன் ஆயிட்டான், பொறுப்பு வந்துடுச்சு" என்று அவனுக்குக் கொடுத்தார்கள். குழந்தை பிறந்தால் ஆணுக்குப் பொறுப்பு வருகிறது, பெண்ணுக்குப் போய்விடுகிறது என்கிற உயிரியல் ரகசியத்தை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் பாருங்கள், எழுத்தில் இருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தன. எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேரும் பெண்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை பிரசவம், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. நீரா மாத்தூர் என்ற பெண் பிரசவ விடுப்புக்குப் பின் வேலையை இழந்து வழக்குப் போட, அந்தக் கேள்விகளை நீக்கச் சொல்லி 1991-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவருக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. தொழிற்சாலைச் சட்டம் என்று 1948-இல் ஒன்று போட்டார்கள். மாலை ஏழிலிருந்து காலை ஆறு வரை பெண்கள் மெஷின் பக்கம் போகக்கூடாது என்றது அதன் ஒரு பிரிவு. பாதுகாப்புக்காகவாம். அதே ராத்திரியில் ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் கட்டட வேலை சித்தாளுக்கும் யார் பாதுகாப்பு என்று சட்டத்துக்குக் கவலை இல்லை. ஓவர்டைம் கிடைக்கும் ஷிப்ட் மட்டும்தான் ஆபத்தானதாக இருந்தது. 2000 டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. போதிய பாதுகாப்பைக் கொடுத்துவிட்டு வேலையையும் கொடு என்றது.

எனக்கு அப்போது தோன்றியது: சரி, நம் பெண்ணுக்கு வழி திறந்துவிட்டது.

என் மகள் அடையாறு கஸ்தூர்பா நகரில் இருக்கிறாள். டைடல் பார்க்கைத் தாண்டி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. மாடிக்கு மாடி பெண்களுக்குக் கழிப்பறை, சாவி கேட்க வேண்டாம். லிஃப்டில் பாலியல் தொல்லைப் புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியல், 2013 சட்டப்படி. இரவு வேலை முடிந்தால் கேப், அதில் ஒரு செக்யூரிட்டி. இண்டர்வியூவில் யாரும் வரன் பற்றிக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவர்களுக்கு வகுப்பே எடுக்கிறார்களாம். மார்ச் 8 வந்தால் ஆளுக்கொரு ரோஜா, கப் கேக், கோலப் போட்டி. உயரதிகாரி மேடையேறி, பெண்கள் ஒரே நேரத்தில் பத்து வேலை செய்யப் பிறந்தவர்கள் என்று பாராட்டுவார். எல்லோரும் கைதட்டிவிட்டு அந்தப் பத்து வேலையைப் பார்க்கப் போவார்கள்.

அவளுக்குக் குழந்தை பிறந்தபோது இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 1961 சட்டத்தில் பன்னிரண்டு வாரமாக இருந்ததை 2017-இல் திருத்திக் கொடுத்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் கணக்கு புரிந்தது. அந்த இருபத்தாறு வாரச் சம்பளம் முழுவதையும் கம்பெனிதான் தர வேண்டும்; இ.எஸ்.ஐ.யில் வருபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அரசாங்கம் தம்படி தராது. அப்பாவுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. ஆக, இளம் பெண்ணை வேலைக்கு எடுத்தால் செலவு, இளைஞனை எடுத்தால் செலவில்லை என்று சட்டமே முதலாளிக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அவர் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. எங்கள் குடும்பத்தில் காப்பகத்தின் பெயர் பாட்டி. என் குழந்தைக்கு என் அம்மா, என் மகளின் குழந்தைக்கு நான். ரிடையர் ஆன பிறகு நான் பெற்ற ஒரே பதவி உயர்வு இதுதான். இதற்கும் வெளியூர் டிரான்ஸ்ஃபர் உண்டு, மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு.

விடுப்பு முடிந்து போனவளை மானேஜர் அன்பாக வரவேற்றார். இவளைவிட இரண்டு வயது சின்னவர். "இப்போதைக்கு லைட்டான புராஜெக்ட்ல இருங்க, உங்களுக்கு எதுக்கு ஸ்ட்ரெஸ்?" என்றார். இவள் கட்டி வளர்த்த க்ளையண்ட் வேறொருவர் கைக்குப் போனது. அந்த வருஷ அப்ரைசலில் இவளுக்கு ரேட்டிங் குறைவு. ஏன் என்றால் லைட்டான புராஜெக்ட். அடுத்த வருஷம் ஆன்சைட் வாய்ப்பு வந்தது. முந்தின வருஷ ரேட்டிங் பத்தவில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஒவ்வொருவரும் அவளுக்கு உதவிதான் செய்தார்கள். ஆறு மணிக் காபிக்குப் பதிலாக இப்போது கட்டடத்துக்கு வெளியே டீக்கடை, சிகரெட். அங்கே பேசி முடித்ததைப் பிறகு மீட்டிங் போட்டுக் கலந்தாலோசிக்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்த நாடகம்கூட இல்லை.

என் மகளிடம் சொன்னேன்: எனக்காவது கார்பன் பிரதி இருந்தது, நீ ஒரு மெயில் போடு, ஆன்சைட்டுக்கு நான் வேண்டாம் என்று எதனால் முடிவானது, எழுதித் தாருங்கள் என்று கேள். போட்டாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "கூப்பிட்டுப் பேசலாம்." கூப்பிட்டுப் பேசினார்கள். ரொம்ப மரியாதையாக, முக்கால் மணி நேரம். அவளுடைய திறமை பற்றி யாருக்கும் சந்தேகமே இல்லையாம். எச்.ஆரும் லைனில் இருந்து தலையாட்டியது. ஒரு வரிகூட எழுத்தில் வரவில்லை. முத்தம்மாவுக்கு ஒரு விதி எண்ணாவது கிடைத்தது, கோர்ட்டில் நீட்டிக் காட்ட. அக்கறையை எந்தக் கோர்ட்டில் போய் நீட்டுவது? "உங்களுக்கு எதுக்கு ஸ்ட்ரெஸ்" என்பதைச் செல்லாது என்று அறிவிக்க எந்த நீதிபதியால் முடியும்?

மேலே ஏறிவிட்டவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1976-இல் ஐ.பி.எஸ். ஆகி நம் ஊருக்கு வந்த லத்திகா சரண் 2006-இல் சென்னை கமிஷனராகவும், பிறகு மாநில டி.ஜி.பி.யாகவும் ஆனார். டாக்டர் சாந்தா அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலேயே வாழ்ந்து அதைக் கட்டி எழுப்பினார். கம்பெனிகளின் உச்சியிலும் பெண் இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் வழி செய்தது: பங்குச் சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் ஒரு பெண்ணாவது வேண்டும். 2015 ஏப்ரல் கெடு. நாடு முழுவதும் தகுதியான பெண்ணைத் தேடினார்கள். பல கம்பெனிகளுக்கு அதிர்ஷ்டம். தேடிய பெண் வீட்டிலேயே கிடைத்துவிட்டார். முதலாளியின் மனைவி, இல்லாவிட்டால் மகள், அதுவும் இல்லாவிட்டால் மருமகள். இவர்கள் யாருக்கும் ஹூப்ளி டிரான்ஸ்ஃபர் வரவில்லை.

இதையெல்லாம் படித்தவர்களின் புலம்பல் என்று ஒதுக்குகிறவர்கள் தியாகராய நகருக்கு வாருங்கள். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் மாடி மாடியாகப் பெண்கள் நிற்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து, கடை கொடுக்கும் விடுதியில் தங்கி, காலையிலிருந்து ராத்திரிவரை நிற்கிறார்கள். 2010-இல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்து ஊரே உச்சுக் கொட்டியது. கொட்டிவிட்டு ஆடித் தள்ளுபடிக்குப் போனது. நான் போகும் கடைகளில் கவனித்திருக்கிறேன். நூறு புடவையை விரித்துக் காட்டி மறுபடி மடிப்பவள் பெண். விலையில் ஐம்பது ரூபாய் குறைக்கும் அதிகாரம் உள்ள ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆண். பத்து வருஷம் மடித்தாலும் அவள் அந்த இடத்துக்கு நகர்வதில்லை. கேட்டால், "ராத்திரி கணக்கு முடிக்க லேட்டாகும்மா, லேடீஸுக்கு எதுக்கு சிரமம்?" எனக்கு அந்தக் குரல் ரொம்பப் பழக்கம். இத்தனைக்கும் 2019-இல் கடைகளை இரவு முழுக்கத் திறந்து வைக்க அனுமதி தந்த அரசாணை, எட்டு மணிக்கு மேல் பெண்ணை வேலைக்கு வைக்க அவளுடைய எழுத்துபூர்வமான சம்மதத்தைத்தான் கேட்டது. சம்மதமா என்று அவளைக் கேட்க வேண்டும் என்பதுதான் பொருள். அவளுக்காக இன்னொருவர் சிரமப்பட வேண்டும் என்று அதில் இல்லை.

நிற்பதற்கும் ஒரு சட்டம் வந்தது. கேரளம் 2018-இல் போட்டதைப் பார்த்து, 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை தர வேண்டும். சுதந்திரம் வந்த வருஷத்துச் சட்டத்துக்கு, ஒரு மனுஷிக்குக் கால் வலிக்கும் என்று தெரிய எழுபத்து நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. போன தீபாவளிக்கு ஒரு கடையில் ஸ்டூல்களைப் பார்த்தேன். சுத்தமாக, வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஏம்மா உட்காரவில்லை என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் சூப்பர்வைசரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "உக்காந்திருந்தா கஸ்டமர் தப்பா நினைப்பாங்கன்னு சொல்றாங்க, மேடம்."

அந்தக் கஸ்டமர் நீங்களும் நானும்தான். நம் பெயரைச் சொல்லித்தான் அவளை நிற்க வைக்கிறார்கள். ஆகவே அடுத்த தடவை புடவை எடுக்கப் போகும்போது முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள். அப்புறம் அவரிடமே, இந்த மாடியில் பெண் சூப்பர்வைசர் ஏன் இல்லை என்றும் கேட்டு வையுங்கள். பில் போடுவதற்கு முன்னால் கேட்டால்தான் பதில் சொல்வார்.